மறுமொழி இலக்கியம்



ஆண்டுக்கு ஓர் இலக்கிய வகையை எடுத்துக்கொண்டு அதன் இயல்பையும் வளர்ச்சியையும் ஆராய வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் ஏற்பாடு. நம் பாடத்திட்டங்களில் இன்னும் இடம்பெறாத ஒரு வகையை இவ்வாண்டு நான் தேர்ந்துகொண்டேன். இணையத்தில் ஒருவர் எழுத, மற்றவர் பதில் எழுத, பல கைகள் பட்டு வளரும் உரையாடல் எழுத்தே அது. இதை அரட்டை என்று ஒதுக்குவோர் உண்டு. ஆய்வுக்கான தரவு என்று மட்டும் பார்ப்போரும் உண்டு. நான் இதை இலக்கியம் என்கிறேன். அப்படிச் சொல்வதற்கான காரணங்களை முதலில் வைக்கிறேன். இந்த இலக்கியத்துக்கு எழுதுவோர் நிறைய இருக்கிறார்கள், தொகுப்போர்தான் இல்லை என்னும் கவலையைப் பின்னர் உங்கள்முன் வைக்கிறேன்.

1. இதன் அலகு எது?

கவிதைக்கு அலகு அடி, நாடகத்துக்குக் காட்சி. உரையாடல் எழுத்துக்கு அலகு மறுமொழி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எப்படி வாங்கிக்கொண்டார், எதை ஏற்றார், எதைத் தள்ளினார், எந்தச் சொல்லைப் பிடித்து எங்கே கொண்டுபோனார் என்பதில்தான் இதன் சுவை இருக்கிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் ஒரு வரி, அது யாருக்கு, எதற்குப் பதிலாக வந்தது என்று தெரிந்ததும் ஒளிபெறுகிறது.

இந்த எழுத்துக்கு வடிவம் கொடுத்த களங்களில் முதன்மையானது யூஸ்நெட். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979இல் திட்டமிட்டு, 1980இல் செயலுக்கு வந்தது அது. முன்னவர் எழுதிய வரிகளை ஓரத்தில் ஒரு குறியிட்டு எடுத்துப்போட்டு, அதன் கீழே தம் பதிலை எழுதும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பதிலுக்குப் பதில் வரும்போது குறி இரண்டாகும், மூன்றாகும். யார் சொன்னதற்கு யார் சொன்னது என்பதைப் பக்கமே காட்டிக்கொடுக்கும்.

அங்கே நடந்த ஒரு விவாதத்தை மட்டும் சற்று அருகில் சென்று பார்ப்போம். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கூடும் குழுவில் ஒரு சிறு மடல் எழுதினார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருகிறேன், மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டார். லினக்ஸ் உலகுக்கு அறிமுகமானது அந்த மடலில்தான். அடுத்த ஆண்டு சனவரியில், மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் அதே குழுவில், லினக்ஸின் அடிப்படை அமைப்பே காலாவதியானது என்று எழுதினார். டோர்வால்ட்ஸ் சூடாகப் பதில் எழுதினார். மறுநாளே அதே இடத்தில் அவர் எழுதிய இன்னொரு மடல் வந்தது. விவாதத்தை இப்படி நடத்தக்கூடாது என்று ஒரு நண்பர் அன்போடு எழுதியதாகச் சொல்லி, பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆனால் தம் கருத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விவாதம் தொடர்ந்தது. பலர் இரு பக்கமும் சேர்ந்தார்கள்.

ஒரு மாணவனும் ஒரு பேராசிரியரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். கோபம் வருகிறது. இடையில் ஒருவர் நயமாகத் திருத்துகிறார். மன்னிப்பு அவையறியக் கேட்கப்படுகிறது. கொள்கை மட்டும் அசையாமல் நிற்கிறது. நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. இதை எழுதியவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது, அந்த அவையே எழுதியது. 1999இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள் பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பில் இந்த விவாதம் பின்னிணைப்பாக அச்சேறியது. தொகுத்தவர்கள் அதைப் புத்தகத்தில் வைக்கத் தகுந்த எழுத்தாகக் கண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இறுதியில் இங்கேதான் வந்து சேரப்போகிறேன்.

2. குரலுக்கு ஒரு குறி

ஒவ்வோர் இலக்கிய வகையும் தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொள்கிறது. பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினித் துறையினர் 1982இலேயே ஒரு மின்னறிவிப்புப் பலகையில் உரையாடிக்கொண்டிருந்தார்கள். மின்தூக்கி ஒன்று கம்பி அறுந்து விழுந்தால் அதற்குள் இருக்கும் மெழுகுவத்தியும் பாதரசத் துளியும் என்னாகும் என்று ஒரு கேள்வி எழுந்தது. பேச்சு வளர்ந்துகொண்டிருக்கையில், ஒருவர் வேடிக்கைக்காக, இயற்பியல் சோதனை ஒன்றால் கட்டடத்தின் மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று எழுதினார். சிலர் அதை உண்மையான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

விளையாட்டாகச் சொன்னதை எப்படி அடையாளம் காட்டுவது என்று அதன்பின் அங்கேயே விவாதம் நடந்தது. நட்சத்திரக்குறி வைக்கலாம் என்றார் ஒருவர், விழுக்காட்டுக் குறி என்றார் இன்னொருவர். செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் பக்கவாட்டில் சிரிக்கும் ஒரு முகத்தை முன்வைத்தார். இன்று நம் கைப்பேசிகளில் நிறைந்திருக்கும் சிரித்த முகங்களுக்கு முன்னோடிகளில் ஒன்று அது. மேடையில் பேசுகிறவனுக்குக் குரல் உண்டு, முகம் உண்டு. கடிதம் எழுதுகிறவனுக்குப் பழகிய வாசகர் உண்டு. முகமறியாதோர் கூடிய அவையில் எழுதுகிறவனுக்கு இரண்டும் இல்லை. அந்தக் குறையை ஒரு கூட்டமே உட்கார்ந்து பேசித் தீர்த்தது.

அந்த மூல மடல் நீண்ட காலம் கிடைக்காமலே இருந்தது. 2002இல்தான் பழைய காப்பு நாடாக்களைத் தேடிப் படித்து மீட்டெடுத்தார்கள். உலகறிந்த ஒரு குறியின் பிறப்புச் சான்றே இருபது ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

3. நம் மரபில் இதன் உறவு

இப்படிப்பட்ட எழுத்து தமிழுக்குப் புதிதா? கருவி புதிது, உறவு பழையது. நம் அகப்பாடல்கள் எல்லாமே கூற்றுகள். தலைவி தோழிக்குச் சொல்கிறாள், தோழி தலைவனுக்குச் சொல்கிறாள், தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான், செவிலி நற்றாய்க்குச் சொல்கிறாள். பாட்டு யாரோ ஒருவருக்குச் சொல்லும் மொழியாகவே பிறக்கிறது. அதைக் கேட்க வேண்டியவர் சில சமயம் சிறைப்புறமாக நின்று கேட்கிறார். நேரே ஒருவரிடம் பேசி, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் காதில் விழச் செய்யும் இந்த உத்தி இணைய உரையாடலின் உயிர்நாடி. அங்கே மறுமொழி ஒருவருக்கு எழுதப்படுகிறது, ஊரே படிக்கிறது.

அடுத்து உரை மரபு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் உரை எழுதினார். அவர் சொன்னதைப் பல இடங்களில் எடுத்துக்காட்டி மறுத்தார் சேனாவரையர். சேனாவரையரை மறுத்தார் நச்சினார்க்கினியர். ஒருவரை ஒருவர் நேரில் காணாதவர்கள், நூற்றாண்டுகள் தாண்டி, ஒரே நூற்பாவின் கீழ் உட்கார்ந்து வழக்காடினார்கள். முன்னவர் கருத்தைச் சொல்லி, காரணம் காட்டி, பின்பு தம் முடிவைச் சொல்லும் அந்த ஒழுங்கை ஒரு நல்ல விவாதத்தில் இன்றும் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுப்பதற்கென்றே இலக்கண விளக்கச் சூறாவளி என்று தனி நூல் எழுதினார்.

காப்பியத்திலும் இது உண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுமொழியாக எழுந்தது சமணக் காப்பியமான நீலகேசி. குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதில் நமக்கு எஞ்சியது புறத்திரட்டு என்னும் தொகுப்பாலும், நீலகேசியின் உரை முதலியவை எடுத்துக்காட்டியதாலும் எஞ்சியது. மறுக்கப் புகுந்தவர் எதிராளியின் சொற்களை மதித்து எடுத்தெழுதினார். தொகுக்கப் புகுந்தவர் சமயம் பாராமல் நல்ல பாட்டுகளைத் திரட்டினார். மூலம் அழிந்தபின் அதன் குரலைக் காத்தவர்கள் இவர்களே.

அச்சு வந்தபின் இந்த வேகம் கூடியது. இராமலிங்க அடிகளின் திருவருட்பா 1867இல் அச்சானது. அதை ஒட்டி எழுந்த அருட்பா மருட்பா விவாதத்தில் இரு பக்கத்தாரும் கண்டனமும் மறுப்புமாகச் சிறு நூல்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். கையில் வாங்கிப் படித்துத் தூக்கிப்போடும் தாள்களாகத்தான் அன்று பலருக்கும் அவை தெரிந்திருக்கும். நம் காலத்தில் ப. சரவணன் அந்தக் கண்டன நூல்களைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தபிறகு, அவை பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் பெரும் ஆவணமாகக் கண்முன் நிற்கின்றன.

4. இணையத்தில் தமிழ்

இணையத்தில் தமிழர் உரையாடத் தொடங்கியபோது தமிழ் எழுத்தே அங்கே எளிதில் வரவில்லை. யூஸ்நெட்டின் தமிழ்ப் பண்பாட்டுக் குழுவில் ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். 1990களின் நடுவில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழுவில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சிதறிக்கிடந்தவர்கள் கூடினார்கள். எந்த எழுத்துருவில் எழுதுவது, எந்தக் குறியீட்டை எல்லாரும் ஏற்பது என்பதே அங்கே முதல் பெரும் விவாதமாக இருந்தது. திஸ்கி குறியீடு அத்தகைய மின்மடல் விவாதங்களில் உருவானது. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு யாவர்க்கும் இலவசமாகத் தருவோம் என்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கலியாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், அப்படிக் கூடிய தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. உலகெங்கும் தமிழ் ஆய்வாளர் இன்று பயன்படுத்தும் ஒரு நூலகத்துக்குப் பின்னால் மறுமொழி எழுதிப் பழகிய கைகள் இருக்கின்றன.

அந்த எழுத்தின் சுவையைக் காட்ட, பல இடங்களில் படித்த முறையை வைத்து ஓர் உரையாடல் இழையை நானே கட்டிக் காட்டுகிறேன். இடியாப்பமும் சந்தகையும் ஒன்றுதானா என்று ஒருவர் கேட்கிறார். கோவைப் பக்கத்து அன்பர் எழுதுகிறார்: "யாருங்க ஒண்ணுன்னு சொன்னது? புழுங்கலரிசியை ஊறவெச்சு ஆட்டி, மாவை இட்லியாட்டம் வேகவெச்சு, சூடு ஆறுறதுக்குள்ள பிழிஞ்சா சந்தகை. இடியாப்பம் பிழிஞ்ச பின்னாடி வேகுது." யாழ்ப்பாணத்து அம்மையார் எழுதுகிறார்: "எங்கட வீட்டில வறுத்த அரிசிமாவுக்குக் கொதிதண்ணி விட்டுக் குழைச்சு, உரலில போட்டு, தட்டில பிழிஞ்சு அவிக்கிறது. சொதி இல்லாமல் எங்களுக்கு இடியப்பம் இறங்காது." தஞ்சாவூர்க்காரர் சேர்ந்துகொள்கிறார்: "கோவை ஐயா சொல்வதைத்தான் நாங்கள் சேவை என்கிறோம். தேங்காய், எலுமிச்சை, வெல்லம் என்று மூன்று விதமாகக் கலப்போம்." கோவை அன்பர் திரும்பி வருகிறார்: "அப்படீன்னா வித்தியாசம் ஊர்ல இல்லீங்க, வேகற முறையில இருக்குது. என் பேச்சைத் திருத்திக்கறேன்."

எட்டுப் பத்து வரிகளில் மூன்று வட்டார வழக்குகள், மூன்று சமையற்கூடங்கள், ஒரு தெளிவு. இந்தத் தெளிவு எந்த ஒருவரிடமும் முன்பே முழுமையாக இருந்ததில்லை. மற்ற இருவரின் பதில்களும் வராமல் இருந்திருந்தால் கோவை அன்பருக்குத் தம் பேச்சைத் திருத்திக்கொள்ளத் தோன்றியிருக்காது. அகராதியிலும் சமையல் நூலிலும் முடிவு கிடைக்கும், முடிவுக்கு வந்த வழி கிடைக்காது. உரையாடல் எழுத்து அந்த வழியைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பேச்சுத் தமிழ் எழுத்தாவதும் இங்கேதான் பெரிய அளவில் நடக்கிறது. கதைமாந்தர் வாயில் எழுத்தாளர் வைத்த வட்டார வழக்கை நாம் இதுவரை படித்தோம். இப்போது அந்தந்த வட்டாரத்தார் தம் வழக்கைத் தாமே எழுதுகிறார்கள்.

5. நல்லதும் அல்லதும்

எல்லா உரையாடலும் இலக்கியமாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். எல்லாச் செய்யுளும் கவிதையாகிவிடாததுபோல இதுவும் ஆகாது. தரம் பார்ப்பதற்கான அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதங்களைச் சொல்கிறார். பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின்பு களைவது, தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டுவது, பிறரோடு சேராமல் தன் கொள்கையில் நிற்பது என ஏழு. இவற்றில் எதைச் செய்வதானாலும் எதிராளி என்ன சொன்னார் என்பதை முதலில் ஒழுங்காகப் புரிந்துகொண்டாக வேண்டும். ஆளைப் பழிப்பதற்கு அந்த ஏழில் இடமே இல்லை.

இன்றைய உரையாடல் வெளியின் பெருநோய் அதுதான். கருத்தை விட்டுச் சாதியை இழுப்பது, ஊரை இழுப்பது, பெண் எழுதினால் அவர் உடலையும் குடும்பத்தையும் இழுப்பது. நன்றாக எழுதிய பெண்கள் பலர் இதனாலேயே எழுதுவதை நிறுத்தியிருக்கிறார்கள். இலக்கியத்துக்கு நேர்ந்த இழப்பாக அதை நாம் எண்ண வேண்டும். கூட்டத்தின் கைதட்டலுக்காக எழுதும் வரியும், எதிரே இருப்பவருக்குப் புரியவேண்டும் என்று எழுதும் வரியும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. எது எது என்று பிரித்துக் காட்டுவது திறனாய்வாளர் வேலை. நாம் அந்தப் பக்கம் போகவே இல்லை. திறனாய்வு எட்டிப்பார்க்காத இடத்தில் கூச்சலே தரமாகிவிடும்.

6. தொகுத்தார், தொகுப்பித்தார்

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. பாடியவர்கள் நூற்றுக்கணக்கானோர், தொகுத்தவர்கள் ஒரு சிலர். அந்த ஒரு சிலர் இல்லாவிட்டால் நமக்குச் சங்க இலக்கியம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வரிசை இருந்திருக்காது. பாட்டோடு நமக்கு வந்துசேர்ந்த கூற்றுக் குறிப்பும் துறைக் குறிப்பும்தான் இது தலைவி கூற்று, இது தோழி கூற்று என்று பொருளுக்கு வாசல் திறக்கின்றன. இணையத்திலிருந்து ஒற்றைப் பதிலைப் படமெடுத்துப் பரப்புகிறார்களே, அது துறைக் குறிப்பு இல்லாத அகப்பாட்டு. யார், யாருக்கு, எதற்குச் சொன்னது என்று தெரியாமல் அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

இணைய உரையாடலுக்கும் அப்படி ஒரு தொகுப்பாளர் வாய்த்தார். டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினி மேலாளராக இருந்த ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் பத்தாண்டுகள் யூஸ்நெட் மடல்களைக் காந்த நாடாக்களில் பதிந்து வைத்தார். அவற்றிலிருந்து மீட்ட மடல்கள் 2001இல் பொதுவெளிக்கு வந்தன. ஆரம்பகால உரையாடல்களில் பெரும்பகுதி இன்று கிடைப்பது ஒருவர் எடுத்துவைத்த அந்த நாடாக்களால்தான்.

நம் பக்கம் என்ன நடந்தது? ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற தமிழ்க் குழுக்கள் யாகூ குழுமங்களில் இயங்கின. இலக்கிய விவாதமும் நினைவுக் குறிப்பும் பாட்டு ஆராய்ச்சியும் அங்கே வளர்ந்தன. 2019 அக்டோபரில் யாகூ, குழுமங்களில் சேர்ந்திருந்த உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையையே மூடியது. உறுப்பினரோ வேறு யாரேனுமோ எடுத்து வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எடுத்து வைத்தவற்றிலும் சிக்கல் இருக்கிறது. திஸ்கியில் எழுதிய மடலை இன்றைய கணினியில் அப்படியே திறந்தால் எழுத்துகள் உருக்குலைந்து தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இருக்கின்றன, மாற்றிச் சரிபார்க்கக் கைகள்தான் வேண்டும். ஏட்டுச்சுவடி செல்லரிக்க நூறு ஆண்டுகள் ஆகலாம். இங்கே ஓர் அறிவிப்பும் ஓராண்டும் போதுமானதாயிருந்தன.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடமும் அவர்களுடைய நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். முனைவர்ப் பட்டத்துக்கு ஒரு சுவடியைப் பதிப்பிப்பதுபோல ஓர் உரையாடலைப் பதிப்பியுங்கள். ஓர் இழையை எடுத்து, மடல்களைக் கால வரிசையில் அடுக்கி, எது எதற்குப் பதில் என்று காட்டி, எழுதியவர் பிற்பாடு திருத்தியிருந்தால் பாடவேறுபாடாகக் குறித்து, வட்டாரச் சொற்களுக்கு அகராதி சேர்த்து, முன்னுரை எழுதுங்கள். எழுதியவர்களைத் தேடிப் பிடித்து இசைவு பெறுங்கள். இருநூறு பேர் படிப்பார்கள் என்று நம்பி ஒருவர் எழுதியதை உலகத்தின் முன் வைக்க நமக்கு உரிமை தானாக வந்துவிடாது. பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள், எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். இறந்தவராயின் குடும்பத்தாரைக் கேளுங்கள்.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதழியலுக்கும் நாட்டார் வழக்காற்றியலுக்கும் பாடத்தாள் வைத்த துறைகள் இதற்கும் ஒரு தாள் வைக்கலாம். வாய்மொழிக் கதைகளை ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகச் சென்று திரட்டிய பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த முறையியலையும் சுவடிப்பதிப்பு முறையியலையும் சேர்த்தால் இதற்கான முறை கிடைத்துவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து எழுத்தாவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனம் போன்றவை அச்சுத் தாளைக் காக்கும் அனுபவம் மிக்கவை. பல்கலைக்கழகங்கள் அவற்றோடு கைகோத்தால் இந்தச் சேகரிப்புக்கு நிலையான இடம் அமையும்.

மூத்தவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இத்தகைய குழுக்களில் எழுதியவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பழைய கணினியிலோ குறுந்தகட்டிலோ மின்மடல் பெட்டியிலோ அந்த மடல்கள் இருந்தால் தேடி எடுங்கள். எழுத்து உருத்தெரியாமல் இருந்தாலும் அழிக்க வேண்டாம், அப்படியே இந்தத் துறை மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். பாடியவரும் தொகுத்தவரும் தொகுப்பித்தவரும் ஒரே காலத்தில் உயிரோடு இருந்து, ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புச் சங்கப் பாடல்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை, இந்த இலக்கியத்துக்கு இன்று வாய்த்திருக்கிறது. அறக்கட்டளையின் அடுத்த சொற்பொழிவு நடப்பதற்குள் இந்தத் துறையிலிருந்து ஒரே ஓர் உரையாடலாவது முறையாகப் பதிப்பிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு என்னால் இயன்ற உழைப்பைத் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.